1900–1933 காலத்து அமெரிக்கத் தங்க நாணயங்கள்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு விரிவான பதில்

1900க்கும் 1933க்கும் இடையில் அச்சான அமெரிக்கத் தங்க நாணயங்களைச் சேகரிக்க விரும்புவதாகவும், குறைந்த எண்ணிக்கையில் அச்சிடப்பட்ட ஆண்டுகளாகப் பார்த்து வாங்கினால் போதுமா, எந்த நாணயத்தில் தொடங்குவது, போலிகளில் சிக்காமல் இருப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கான பதிலிலிருந்துதான் மற்ற இரண்டுக்கும் பதில் கிளைக்கிறது என்பதால் அதையே முதலில் சொல்கிறேன். இந்த நாணயங்களைப் பொறுத்தவரை அச்சு எண்ணிக்கையை மட்டும் நம்பி வாங்குவது பெரும் தவறு. உருக்கு உலைக்குப் போகாமல் எத்தனை தப்பின என்பதுதான் விலையை முடிவு செய்கிறது.

இருபது டாலர் நாணயத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1908இல் சான்பிரான்சிஸ்கோவில் அச்சானவை 22,000 மட்டுமே. 1927இல் டென்வரில் 1,80,000 அச்சாயின. 1921இல் பிலடெல்பியாவில் 5,28,500 அச்சாயின. எண்களை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் அரியது என்று தோன்றும். ஆனால் 1908 சான்பிரான்சிஸ்கோ நாணயம், சற்றுப் பொறுத்திருந்தால், பணம் உள்ள எவருக்கும் கிடைத்துவிடும். 1927 டென்வர் நாணயங்களில் இன்று அறியப்பட்டவை இருபதுக்கும் குறைவு. 1921ஆம் ஆண்டுடையவை ஐந்து லட்சத்துக்கும் மேல் அச்சாகியும், ஒன்றிரண்டு நூறு தேறினாலே அதிகம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்தில் தங்கம் எப்படிப் புழங்கியது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மக்கள் அன்றாடச் செலவுக்குத் தாள் பணத்தையே விரும்பினார்கள். மேற்குப் பகுதியில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், தங்கம் கைமாறிக்கொண்டிருந்தது. முதல் உலகப் போர் காலத்தில் அங்கும் அது குறைந்துபோயிற்று. 1917, 1918, 1919 ஆகிய மூன்று ஆண்டுகளில் புழக்கத்துக்கான தங்க நாணயமே அச்சிடப்படவில்லை. 1920இல் மீண்டும் தொடங்கியபோது அச்சானவற்றில் பெரும்பகுதி கடைத்தெருவுக்கு வரவே இல்லை. தங்கமாக மாற்றிக்கொள்ளக்கூடியவை என்று அரசு வெளியிட்ட தாள்களான தங்கச் சான்றிதழ்களுக்கு ஈடாகவும் வெளிநாட்டுக் கணக்குகளைத் தீர்ப்பதற்காகவும் அவை மூட்டை மூட்டையாகப் பெட்டகங்களில் கிடந்தன. இருபது டாலர் என்பது அன்று பெரிய தொகை என்பதால், ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு நாணயச்சாலையிலும் அச்சானதில் ஒன்றை எடுத்து வைக்கும் வசதி படைத்த சேகரிப்பாளர்களும் மிகக் குறைவு.

பிறகு 1933 ஏப்ரல் 5ஆம் தேதி அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 6102ஆம் எண் நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். தனியாரிடம் உள்ள தங்க நாணயம், தங்கக் கட்டி, தங்கச் சான்றிதழ் அனைத்தையும் மே 1ஆம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். மீறினால் பத்தாயிரம் டாலர் அபராதமோ பத்தாண்டுச் சிறையோ இரண்டுமோ கிடைக்கும். ஆளுக்கு நூறு டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். அரிய நாணயங்களைச் சேகரிப்போருக்குத் தனி மதிப்புடையவை என்று அறியப்பட்டவற்றுக்கும் விலக்கு உண்டு. அப்போது கருவூலச் செயலராக இருந்த வில்லியம் உடின் தாமே பெயர்பெற்ற நாணயச் சேகரிப்பாளர் என்பதை இந்த விலக்கோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் தங்க இருப்புச் சட்டம் வந்து, அவுன்ஸ் 20.67 டாலராக இருந்த தங்கம் 35 டாலர் ஆயிற்று. பெட்டகங்களில் கிடந்த நாணயங்கள் உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. டென்வரில் அச்சாகி அங்கேயே தங்கிவிட்ட 1927ஆம் ஆண்டு நாணயங்கள் ஏறக்குறைய முழுவதுமாக இப்படித்தான் மறைந்தன.

தப்பியவை எங்கே இருந்தன என்பதும் முக்கியம். கடனுக்கும் வணிகத்துக்கும் ஈடாக ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் போன இருபது டாலர் நாணயங்கள் அங்குள்ள வங்கிகளில் பத்திரமாக இருந்தன. 1933 ஆணை அவற்றைத் தொடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவை சிறுகச் சிறுகத் திரும்பி வரத் தொடங்கியபோது பல பழைய கணக்குகள் புரண்டன. 1924, 1926 ஆகிய ஆண்டுகளின் சான்பிரான்சிஸ்கோ நாணயங்கள் 1940களில் கிடைத்தற்கரியவையாகக் கருதப்பட்டன. பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள். ஐரோப்பிய வங்கிகளிலிருந்து அவை வரத் தொடங்கிய பின் அந்த இடத்தை இழந்தன. 1927 டென்வர் நாணயமோ அன்றைக்கு அவ்வளவாகப் பேசப்படாமல் இருந்து, வெளிநாட்டிலிருந்தும் வராததால், தொடரின் உச்சிக்கு ஏறியது. எந்த நாணயத்தையும் ‘அரியது’ என்று ஒருவர் விற்க வரும்போது, அது வெளிநாட்டு வங்கிகளிலிருந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி நாணயங்களைப் பற்றி. இரண்டரை, ஐந்து, பத்து, இருபது டாலர் என நான்கு மதிப்புகள். நான்கும் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தங்கமும் மீதி செம்பும் கலந்தவை. இருபது டாலர் நாணயத்தின் எடை 33.436 கிராம், அதில் சுத்தத் தங்கம் 0.9675 அவுன்ஸ். மற்றவை அதே விகிதத்தில் பாதி, கால், அரைக்கால். ஐந்து டாலர் நாணயம் 8.359 கிராம், அதாவது நம் ஊரில் எட்டு கிராமாகக் கணக்கிடும் ஒரு சவரனைவிடச் சற்றே அதிகம். ஆனால் மாற்று சற்றுக் குறைவு. பிலடெல்பியாவில் அச்சானவற்றில் குறி எதுவும் இராது. டென்வருக்கு ‘டி’, சான்பிரான்சிஸ்கோவுக்கு ‘எஸ்’, 1909இல் மூடப்பட்ட நியூ ஆர்லியன்சுக்கு ‘ஓ’. டென்வர் 1906இல்தான் நாணயம் அச்சிடத் தொடங்கியது.

1907, 1908 வரை இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய ‘லிபர்ட்டி’ தலை, அதாவது சுதந்திரத்தைப் பெண்ணாக உருவகித்த வடிவம். இருபது டாலருக்கு ஜேம்ஸ் லாங்கேக்ரும் மற்ற மூன்றுக்கும் கிறிஸ்டியன் கோப்ரெக்டும் வடித்தவை. இதைப் பார்த்துச் சலித்த அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், நம் நாணயங்கள் இவ்வளவு அவலட்சணமாக இருக்க வேண்டுமா என்ற தொனியில் 1904 டிசம்பரில் கருவூலச் செயலருக்கு எழுதினார். பண்டைய கிரேக்க நாணயங்களின் உயர்ந்த புடைப்பை வியந்த அவர், புதிய பத்து, இருபது டாலர் நாணயங்களை வடிக்கும் வேலையைச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்சிடம் ஒப்படைத்தார். சிற்பி அப்போது நோயுற்றிருந்தார். உதவியாளர் ஹென்றி ஹெரிங் அச்சு மாதிரிகளுடன் பிலடெல்பியாவுக்கு அலைந்தார். நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பரோ இவ்வளவு புடைப்பை ஒரே அழுத்தத்தில் அச்சிட முடியாது என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார். 1907 ஆகஸ்டு 3ஆம் தேதி செயின்ட் காடன்ஸ் காலமானார். தம் நாணயம் புழக்கத்துக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

பார்பர் சொன்னதில் தொழில்நுட்ப உண்மை இருந்தது. உயர் புடைப்பு இருபது டாலர் நாணயம் ஒவ்வொன்றையும் பலமுறை அழுத்த வேண்டியிருந்தது. வங்கியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் சரிவரவில்லை. ஆகவே பன்னிரண்டாயிரம் அளவில் அச்சிட்டபின், புடைப்பைத் தணித்து, ரோமன் எண்ணில் இருந்த ஆண்டையும் வழக்கமான எண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டாயிரம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், அழகுக்காகவே முதல் நாளிலிருந்து மக்கள் எடுத்துவைத்ததால் இந்த நாணயம் பெருமளவில் பிழைத்திருக்கிறது. விலை அதிகமாக இருப்பதற்குக் காரணம் கிடைக்காமை அல்ல, எல்லோரும் விரும்புவதுதான். அமெரிக்க நாணயங்களில் இதற்கு நிகரானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. இடக்கையில் ஒலிவக் கிளையும் வலக்கையில் தீப்பந்தமும் ஏந்தி நம்மை நோக்கி நடந்து வரும் லிபர்ட்டியின் ஆடை மடிப்புகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், புடைப்பு தணிக்கப்பட்ட பிந்தைய நாணயத்தில் எவ்வளவு இழந்துவிட்டார்கள் என்பது தெரியும். பக்க விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். ‘ஈ ப்ளூரிபஸ் யூனம்’ என்ற இலத்தீன் வாசகம் விண்மீன்களுக்கிடையே எழுத்தெழுத்தாக அங்கே சுற்றிவரும்.

தியோடர் ரூஸ்வெல்ட் இன்னொன்றும் செய்தார். பணத்தில் கடவுள் பெயரைப் பொறிப்பது மரியாதைக் குறைவு என்று அவர் கருதியதால், ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் புதிய பத்து, இருபது டாலர் நாணயங்களில் இடம்பெறவில்லை. எதிர்ப்பு கிளம்பி, 1908 மே மாதம் நாடாளுமன்றம் அதைச் சட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே 1907, 1908 ஆண்டுகளுக்கு வாசகம் இல்லாத வகை தனியாக உண்டு. 1908 வாசகமில்லாத இருபது டாலர் நாணயம் நாற்பது லட்சத்துக்கும் மேல் அச்சானது. அதில் ஏறத்தாழ இருபதாயிரம், பல பத்தாண்டுகள் எவர் கையும் படாமல் ஒரே இருப்பாகக் கிடந்து, பின்னர் ‘வெல்ஸ் ஃபார்கோ’ இருப்பு என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. மிக உயர்ந்த தரத்தில் ஒரு செயின்ட் காடன்ஸ் நாணயம் வேண்டுமென்றால் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைப்பவற்றுள் இதுவும் ஒன்று.

இரண்டரை, ஐந்து டாலர் நாணயங்களின் மாற்றம் வேறு வழியில் நடந்தது. பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ, பண்டைய எகிப்தியச் சிற்பங்களைப் போல உருவத்தை மேற்பரப்புக்குக் கீழே குடைந்து அமைக்கலாம் என்று யோசனை சொல்ல, பேலா லயன் பிராட் என்ற சிற்பி இறகணி சூடிய செவ்விந்தியர் தலையை அவ்வாறே வடித்தார். பிலடெல்பியா நாணய வியாபாரி சாமுவேல் சாப்மன் இதை எதிர்த்து அதிபருக்கே கடிதம் எழுதினார்: குழிகளில் அழுக்குச் சேரும், நோய் பரவும், போலி செய்வது எளிது என்றெல்லாம் முறையிட்டார். அச்சிடுவது நிற்கவில்லை. சேகரிப்பவருக்கு இந்த வடிவமைப்பால் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான நாணயத்தில் உயர்ந்த விளிம்பு, உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைக் காக்கும். இதில் வெற்றிடமே மிக உயர்ந்த பகுதி. கீறலும் தேய்மானமும் முதலில் அங்கேதான் விழும். அனுபவம் உள்ளவர்கள்கூடப் புழங்காத நாணயத்தையும் சற்றே புழங்கியதையும் பிரித்தறியத் திணறுவது இந்த இரண்டு தொடர்களில்தான்.

எங்கே தொடங்குவது? எட்டு நாணயங்கள் கொண்ட வகைத் தொகுப்பு என் முதல் பரிந்துரை. பழைய லிபர்ட்டி தலையில் நான்கு மதிப்புகளும் புதிய வடிவமைப்பில் நான்கு மதிப்புகளும். ஆண்டு எதுவாகவும் இருக்கலாம் என்பதால் ஏராளமாகக் கிடைப்பவற்றையே நல்ல தரத்தில் வாங்கலாம். இருபது டாலருக்கு 1924, 1927, 1928 ஆகிய ஆண்டுகளின் பிலடெல்பியா நாணயங்களும், பத்து டாலருக்கு 1926, 1932 ஆகியவையும் பொருத்தமானவை. பெரிய நாணயங்களில் நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி தங்கத்தின் மதிப்புதான். அன்றைய அவுன்ஸ் விலையை 0.9675ஆல் பெருக்கிப் பார்த்தால், மேலே எவ்வளவு கேட்கிறார்கள் என்பது நொடியில் தெரிந்துவிடும். சிறிய நாணயங்களில் தங்க மதிப்பை ஒப்பிட அந்தக் கூடுதல் தொகை விகிதத்தில் அதிகம். தங்கமாகச் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் சிறியவை வேண்டாம். சேகரிப்பதுதான் நோக்கம் என்றால் அவற்றை விட வேண்டாம்.

ஒரு தொடரை முழுமையாக முடிக்க ஆசை இருந்தால், பிராட் வடித்த இரண்டரை டாலர் நாணயம் மிகவும் ஏற்றது. 1908 முதல் 1915 வரையும் 1925 முதல் 1929 வரையும் மொத்தம் பதினைந்தே நாணயங்கள். பதினான்கை நிதானமாக வாங்கிவிடலாம். தடையாக நிற்பது 1911ஆம் ஆண்டின் டென்வர் நாணயம் ஒன்றுதான், 55,680 அச்சாயின. ஐந்து டாலர் தொடர் இதைவிடக் கடினம். 1909 நியூ ஆர்லியன்ஸ் நாணயம் 34,200தான் அச்சானது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1929இல் 6,62,000 அச்சாகியும் பெரும்பாலானவை உலைக்குப் போனதால் அந்த ஆண்டும் விலை உயர்ந்தது. இருபது டாலர் தொடரை ஆண்டுவாரியாக முடிப்பதை நினைக்கவே வேண்டாம். 1929 முதல் 1932 வரை உள்ள எதையும் வாங்கச் செல்வம் வேண்டும்.

1911 டென்வர் நாணயத்தைக் கையில் எடுத்தால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், ஏனெனில் போலி பற்றிய உங்கள் கேள்விக்கு அதுவே நல்ல பாடம். பத்து மடங்கு பெருக்கும் லூப் கண்ணாடியில் பின்புறத்தில் கழுகு நிற்கும் அம்புக்கட்டின் முனைகளுக்கு இடப்பக்கம் பாருங்கள். ‘டி’ எழுத்து அங்கே இருக்கும். பல உண்மையான நாணயங்களில்கூட அது மங்கியே இருக்கும், சிலவற்றில் நிழலாகத்தான் தெரியும். இதனால் ‘வலுவான டி’, ‘மங்கிய டி’ என்று இருவேறு விலைகள். ஏமாற்றுக்காரர்கள் குறியில்லாத பிலடெல்பியா 1911 நாணயத்தில் ஒரு ‘டி’யை ஒட்டிவிடுவது உண்டு. எழுத்தின் அடியில் சுற்றிலும் மெல்லிய கோடோ, நிறம் மாறிய பூச்சோ இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான டென்வர் நாணயத்தின் முன்புற வலது ஓரத்தில் கம்பிபோல் மெல்லிய விளிம்பு எழுந்து நிற்கும், அதையும் தேடுங்கள்.

எடை சரியாக இருக்கிறது, உரைத்தால் தங்கம்தான் என்பதால் நாணயம் உண்மையாகிவிடாது. இந்தத் துறையில் புதியவர்கள் விழும் குழி இதுதான். 1933 முதல் 1974 இறுதி வரை அமெரிக்கர்கள் தங்கக் கட்டி வைத்திருக்க முடியவில்லை, சேகரிப்பு நாணயம் வைத்திருக்க முடிந்தது. எனவே நாணயத்துக்கு உலோக மதிப்பைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. அந்த வித்தியாசமே ஆதாயம் என்று கண்டவர்கள், 1950களிலிருந்து பெய்ரூட் போன்ற இடங்களில் உண்மையான தங்கத்திலேயே போலிகளை அடித்தார்கள். 1907 உயர் புடைப்பு நாணயத்தின் புகழ்பெற்ற போலி ஒன்றைச் செய்தவர், கழுகின் நகத்துக்குள் ‘ஒமேகா’ என்ற கிரேக்க எழுத்தைத் தம் முத்திரையாகப் பொறித்துவைத்தார். சாதாரணப் போலிகளை அடையாளம் காண, எழுத்துகள் தடித்து உருண்டிருக்கின்றனவா, வெற்றிடத்தில் எழும்பிய சிறு கோடுகளோ புடைப்புகளோ உண்டா, ஒரே பள்ளம் பல நாணயங்களில் ஒரே இடத்தில் வருகிறதா, பொலிவு எண்ணெய் பூசியதுபோல இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய நாணயங்கள் பதக்கமாகவும் கைச்சட்டைப் பொத்தானாகவும் அணியப்பட்டவை என்பதால், பற்றவைத்த தடம் பக்க விளிம்பில் இருக்கிறதா என்றும் சோதியுங்கள். அந்தத் தடத்தைத் தேய்த்து மறைத்து விற்பவர்கள் உண்டு.

தொடக்கத்தில், நாணயங்களைச் சோதித்துத் தரம் குறிக்கும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்தின் தரமதிப்பீடு பெற்று, மூடிய பிளாஸ்டிக் உறையில் உள்ள நாணயங்களை மட்டுமே வாங்குங்கள். முதலாவது 1986இலும் இரண்டாவது 1987இலும் வேலையைத் தொடங்கியவை. உறையையே போலியாகச் செய்பவர்கள் இருப்பதால், அதில் உள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்குள்ள படத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். ஒன்று முதல் எழுபது வரையான அளவுகோலில் அறுபதும் அதற்கு மேற்பட்டவையும் புழங்காதவை. ஏராளமாகக் கிடைக்கும் ஆண்டுகளுக்கு 63, 64 ஆகியவற்றில் நின்றுவிடுவது அறிவுடைமை. 65, 66 என்று ஏறும்போது பல ஆண்டுகளில் விலை பன்மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடோ லிபர்ட்டியின் முழங்காலிலோ கன்னத்திலோ உள்ள ஓரிரு தடங்கள்தான். ஒரே எண் பெற்ற இரண்டு நாணயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று எப்போதும் மற்றதைவிட அழகாக இருக்கும். எண்ணை விட்டுவிட்டு அந்த அழகானதை வாங்குங்கள்.

1933 என்ற ஆண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்த ஆண்டில் 4,45,500 இருபது டாலர் நாணயங்கள் அச்சாயின; சட்டப்படி ஒன்றுகூட வெளியிடப்படவில்லை. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. சில திருட்டுத்தனமாக வெளியேறின. அவற்றில் ஒன்று 1944இல் ஏற்றுமதி அனுமதி பெற்று எகிப்து மன்னர் ஃபாரூக்கைச் சேர்ந்தது. மன்னர் பதவி இழந்தபின் 1954 ஏலத்தில் அறிவிக்கப்பட்டு, அமெரிக்கா கேட்டுக்கொண்டதால் விலக்கப்பட்டு மறைந்தது. 1996இல் நியூயார்க்கில் பறிமுதலான ஒரு நாணயம் அதுவே என்ற அடிப்படையில் வழக்கு சமரசமாகி, 2002இல் சுமார் 75.9 லட்சம் டாலருக்கும், 2021இல் சுமார் 1.89 கோடி டாலருக்கும் ஏலம் போனது. தனியார் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஒரே 1933 இருபது டாலர் நாணயம் அதுதான். வேறு எவரேனும் உங்களிடம் அதைக் காட்டினால் அது போலியாகவோ அரசு பறிமுதல் செய்யக்கூடியதாகவோ இருக்கும். அதே ஆண்டின் பத்து டாலர் நாணயம் வேறு கதை. ஆண்டின் தொடக்கத்தில் சில முறைப்படி வெளியானதால் அதை வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் 3,12,500 அச்சானதில் தப்பியவை மிகமிகக் குறைவு.

வாங்கியபின் எதையும் துலக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு செம்பு இருப்பதால் சிவந்த புள்ளிகளும் செம்மை படர்தலும் இயல்பானவை. அவற்றை நீக்க நினைத்து அமிலத்திலோ புளியிலோ தேய்த்தால் மேற்பரப்பின் பொலிவு போய்விடும், தரமதிப்பீட்டு நிறுவனமும் ‘துலக்கப்பட்டது’ என்று குறித்து எண் தர மறுத்துவிடும். உறையில்லாத நாணயத்தை மெத்தென்ற துணியின் மேல் வைத்து, பக்க விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். மென்மையான பிவிசி உறைகளில் நெடுநாள் வைக்காதீர்கள்; பச்சை நிறப் பசை கசிந்து ஒட்டும். முதல் நாணயமாக, 63 அல்லது 64 தரத்தில் ஒரு 1924 இருபது டாலரை வாங்கி, அதன் தங்க மதிப்புக்கு மேல் நீங்கள் கொடுத்த தொகையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாணயத்துக்குப் பேரம் பேசும்போது அந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.